வருவார் என்ற இடத்தில் சிரித்தார்கள்

போர்ட் பிளேர் விமான நிலையத்தின் வாசலில் ஒருவர் 'மிஸ்டர் ஜீவா' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் ஜீவா என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று உறுதியானதும் அட்டையை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு, "சார் அடுத்த ஃபிளைட்டில் வருகிறாரா?" என்று இந்தியில் கேட்டார்.

குறும்பட விழாக்களில் சுற்ற ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. இது பன்னிரண்டாவது விழா. எல்லா ஊரிலும் ஒரு துணிப்பை தருவார்கள், கழுத்தில் ஓர் அட்டையை மாட்டுவார்கள், கடைசி நாளில் நினைவுப் பரிசாகக் கனமான ஏதாவது ஒன்றைத் தருவார்கள். அதை ஊர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். ஓர் ஊரில் குத்துவிளக்கு ஏற்றும்போது சந்தனத் தட்டைப் பிடிக்க ஒரு பெண் குறைகிறார் என்று என்னை நிறுத்தினார்கள். பிடித்தேன். இன்னோர் ஊரில் ஒரு பேராசிரியர் கேமரா யார் என்று கேட்டார். நான் என்றேன். எடிட்டிங்? அதுவும் நான். "அப்போ டைரக்டர் யாரும்மா?" என்றார்.

என் படம் பதினாறு நிமிடம். சுனாமி வந்து ஐந்து வருடம் கழித்து, ஒரு கணக்கெடுப்புக்கு மொழிபெயர்ப்பாளராக இந்தத் தீவுகளுக்கு வந்திருந்தபோது எடுத்தது. அதில் இருப்பவர் தவமணி அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கல்யாணம் கட்டி, அலையில் கணவரை இழந்து, போர்ட் பிளேருக்கு வந்து ஓர் அரசு அலுவலகத்தில் கேன்டீன் நடத்துகிறவர். படத்தின் கடைசியில் அவர் கேன்டீன் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கிறார். "வருவாரு. இன்னிக்கி இல்லாட்டி நாளைக்கி. வராம எங்க போயிருவாரு" என்கிறார். திரை கருப்பாகிறது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வருகிறது: அவருடைய கணவர் இன்றுவரை திரும்பவில்லை.

பதினோரு ஊரில் இந்த இடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டிருக்கிறது.

இங்கே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தவமணி அக்கா வருவார் என்று சொன்னது கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை. அன்று பாதிச் சமையலில் அடுப்பு அணைந்துவிட்டது. நான் கேமராவை நிறுத்த மறந்திருந்தேன். இரண்டாவது, அவருடைய கணவரின் உடல் இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது. அவரே புதைத்தார். இதைக் கேமரா ஓடாத நேரத்தில், தேங்காய் துருவிக்கொண்டே, ஒரே வாக்கியத்தில் என்னிடம் சொன்னார். எடிட் செய்ய உட்கார்ந்தபோது நான் வேறு மாதிரி யோசித்தேன். இறந்தவர்கள் திரும்புவதில்லை. ஆகவே 'திரும்பவில்லை' என்பது பொய்யாகாது. இந்த விளக்கத்தை எனக்கு நானே சொல்லி, நானே ஏற்றுக்கொண்டேன். படத்தின் டிவிடியை அக்காவுக்கு அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். மூன்று வருடமாக அப்படித்தான் இருந்தேன்.

படத்தில் இருப்பவர் நடந்தே வந்து படம் பார்க்கக்கூடிய தூரத்தில் நடக்கும் முதல் விழா இது.

விழாக் குழு எனக்கு ஒதுக்கிய அறையைத் திறந்தால் உள்ளே ஒரு மலையாள இயக்குநர் இடுப்பில் துண்டுடன் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த பட்டியலில் 'ஜீவா, ஆண், 42' என்று இருந்தது. எனக்கு முப்பத்து நான்கு. அவர் மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டு, துண்டோடு வராந்தாவுக்குப் போய்விட்டார். விழாச் செயலாளர் வந்து, படத்தைப் பார்த்ததும் இதை எடுத்தது நாற்பது வயதுக்காரர் என்று தோன்றியது என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேறு அறை இல்லாததால் விழாவுக்கு உதவி செய்யும் விஜி அக்கா வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள்.

விஜி அக்கா திருநெல்வேலிக்காரர். அரசு வேலை கிடைத்து இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. வீடு மரைன் ஹில்லில். சமையலறையில் நின்றால் துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று தெரியும். அது அவருக்கு அவசியம். "கப்பல் வந்தாத்தாம்மா தக்காளி வரும். மெயின்லேண்ட்ல புயல்னா எங்க வீட்ல ரசம் கிடையாது" என்றார். அன்று கப்பல் வந்திருந்தது. ரசமும் இருந்தது, வறுத்த சூரை மீனும் இருந்தது. ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. சென்னையின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பர்மாவின் சூரியனோடு குடித்தனம் நடத்துகிறார்கள். ஆறரைக்கு எல்லோருக்கும் பசிக்கிறது.

"நாளைக்குச் சாயங்காலம் உன் படத்துக்கு எங்க ஆபீஸே கிளம்பி வருது" என்றார் விஜி அக்கா.

எதற்கு என்றேன்.

"என்ன எதுக்கு? தவமணி எங்க கேன்டீன்தானே. நோட்டீஸ்ல அவ மூஞ்சிதானே போட்டிருக்கு. ஹாஃப் டே சுட்டி, அதான் லீவு, போட்டுட்டு வாராங்க எல்லாரும்."

மீனில் முள் இருக்கிறது, பார்த்துச் சாப்பிடு என்றும் சொன்னார். நான் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் காலை விருந்தினர்களை ஹேவ்லாக் தீவுக்குக் கூட்டிப்போய் மதியமே திரும்பும் ஏற்பாடு. அதில் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை யாரையும் சந்திக்க வேண்டாம் என்று விடியுமுன்பே படகுத்துறைக்குப் போய் வரிசையில் முதலாவதாக நின்றேன். டிக்கெட்டைச் சரிபார்ப்பவர் என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில் ஆண் என்று இருக்கிறது."

"தப்பாக எழுதிவிட்டார்கள்."

"அந்த ஆண் எங்கே?"

"அப்படி ஒருவர் இல்லை."

"இல்லாதவர் டிக்கெட்டில் நீங்கள் எப்படிப் போக முடியும்?"

இந்தியில் நடந்த இந்த உரையாடலில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. தமிழிலும் கிடைத்திருக்காது. படகு கிளம்பியது. மலையாள இயக்குநர் மேல்தளத்திலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

போக வேறு இடம் இல்லாததால் கேன்டீனுக்குப் போனேன்.

தவமணி அக்கா பூரி போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் கொஞ்சம் சதை போட்டு, நன்றாக இருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து மாவுக் கையோடு கட்டிக்கொண்டார். "இந்தாங்க, பாம்பே வர, டில்லி வர என்னையக் கொண்டுபோய்க் காமிச்சுப்புட்டு, எனக்குக் காட்டல பாத்தீங்களா தங்கச்சி!" என்றார். குற்றம் சாட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு ஒரு தட்டில் ஆறு பூரி வைத்தார். நான் கேட்டது இரண்டு.

அப்போது பின்வாசல் வழியாக ஒருவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கட்டையான ஆள், நரைத்த மீசை. சிலிண்டரை இறக்கி, ரெகுலேட்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

"இவருதான்" என்றார் அக்கா. "பரமசிவம். ராம்நாட்டுப் பக்கம். போன வருசம் கோயில்ல வச்சு மால மாத்திக்கிட்டோம்."

நான் பூரியை மெதுவாக மென்றேன். அன்றைக்கு அவர் ஜன்னலில் நின்று, இன்று இல்லாவிட்டால் நாளை, வராமல் எங்கே போவார் என்று சொன்ன முகம் ஞாபகத்துக்கு வந்தது. பதினோரு ஊர் நடுவர்களும் அந்த முகத்தில் காத்திருப்பைக் கண்டதாக எழுதியிருந்தார்கள். அவர்கள் கண்டது சரிதான். ஆளைத்தான் நான் மாற்றிவிட்டிருந்தேன்.

அந்தக் கடைசி வரியைப் பற்றி அங்கேயே சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது, அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தார், டீயும் இருந்தது. சாயங்காலம் வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. குறும்பட விழாவில் அரங்கம் நிறைந்து நான் பார்த்ததில்லை. வழக்கமாக அடுத்த படத்தின் இயக்குநர்தான் முந்தைய படத்தின் பார்வையாளர். இங்கே கிளார்க்குகள், டிரைவர்கள், அவர்கள் வீட்டார், மடியில் குழந்தைகள். வங்காளியும் தெலுங்கும் மலையாளமும் தமிழும் இந்தியில் பேசிக்கொண்டிருந்தன. தவமணி அக்கா இரண்டாவது வரிசையில் பட்டுச்சேலையில் இருந்தார். அவருக்கு ஒரு பக்கம் பரமசிவம் அண்ணன், இன்னொரு பக்கம் பள்ளிச் சீருடையில் மகள் ரஞ்சனி. நான் படம் எடுத்தபோது அவள் பள்ளி விடுதியில் இருந்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு.

படம் ஓடியது. ஒருமுறை கரண்ட் போய் வந்தது. ரப்பர் பால் வெட்டுவது பற்றி அக்கா பேசும் இடத்தில் ஒரு கிழவர் "சரி, சரி" என்று உரக்கச் சொன்னார். கடைசிக் காட்சி வந்தது. அக்கா ஜன்னலில் நின்று கடலைப் பார்த்தார். "வருவாரு" என்றார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது.

சாதாரணச் சிரிப்பில்லை. சீட்டைத் தட்டிச் சிரித்தார்கள். "பரமசிவம்! ஏ பரமசிவம்!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள். "ஜல்தி போய்யா, அடுப்பு அணைஞ்சுபோச்சு!" என்றது ஒரு குரல். பரமசிவம் அண்ணன் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்தக் கூச்சலில் கருப்புத் திரையும் ஆங்கில வரியும் வந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஒருத்தி கவனித்தாள். ரஞ்சனி திரையைப் பார்த்தாள், பிறகு திரும்பி அவள் அம்மாவைப் பார்த்தாள். விளக்குப் போட்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செயலாளர் பூங்கொத்தோடு மேடைக்கு வந்து, பழக்க தோஷத்தில் என் பக்கத்தில் நின்ற மலையாள இயக்குநரிடம் கொடுத்தார். அவர் அதை என்னிடம் கொடுத்தார். அவருடைய பெருந்தன்மைக்குச் செயலாளர் கைதட்டச் சொன்னார். "மக்கள் ரொம்ப ரசித்தார்கள். நாளை மறுநாள் நிறைவு விழாவில் உங்கள் காமெடியை மறுபடியும் போடுகிறோம்" என்றும் சொன்னார். என் படத்தை யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை. அந்த மகிழ்ச்சியை அனுபவிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தவமணி அக்கா மரைன் ஹில் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை.

"கடைசியில இங்கிலீசுல என்னமோ போட்டிருந்தீங்களாமே. என்னா அது?"

சொன்னேன். 'உங்கள் கணவர் இன்றுவரை திரும்பவில்லை.'

"நாந்தானே அவருக்கு மண்ணு போட்டேன்" என்றார். "ஒங்ககிட்ட சொன்னேனே, தங்கச்சி."

"சொன்னீங்கக்கா."

"ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"மறந்துட்டேன்னு நீங்க சொல்லியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்."

விஜி அக்கா உள்ளே போய்க் குக்கரை இறக்கினார். அது இன்னும் விசில் அடித்திருக்கவில்லை.

"புள்ள நேத்துலேருந்து சாப்பிடல. அப்பா கெடைக்கவே இல்லியா, நீ எங்கிட்டப் பொய் சொன்னியான்னு கேக்குறா. அவ அப்ப ஏழு வயசு. சின்னப் புள்ளைங்கள எல்லாம் மொதக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. அவ பாக்கல. நான் சொன்னதத்தான் இத்தன வருசமா நம்பிக்கிட்டு இருந்தா. இப்ப நம்ப மாட்டேங்கிறா. படத்துல எழுதிப் போட்டிருக்காங்க, அது எப்பிடிம்மா பொய்யா இருக்கும்ங்கிறா." அக்கா செருப்பைச் சரிசெய்துகொண்டார். "வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

ஷாதிபூரில் அவர்கள் வீட்டுக்கு ஆட்டோவில் போனோம். வழியில் ஆட்டோக்காரர் அக்காவை அடையாளம் கண்டு, "வருவாரு" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். அவர் பீகார்க்காரர்.

பரமசிவம் அண்ணன் வாசல் படியில் காலில் செருப்போடு உட்கார்ந்திருந்தார். கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடத் தயாராக இருக்கும் ஆளைப் போல. உள்ளே ரஞ்சனி கட்டிலில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. மேசையில் மூடிவைத்த தட்டு.

"அப்பா செத்தாரா இல்லியான்னு எனக்குத் தெரியணும், மேடம்" என்றாள். "கெடைக்கலன்னா அவரு எங்கயாச்சும் இருக்கலாம்ல? நிக்கோபார்ல எத்தனை தீவு இருக்கு. நாளைக்கு வந்து நின்னா, வாசல்ல உக்காந்திருக்கிறவர யாருன்னு சொல்றது?"

படிக்கட்டில் செருப்பு லேசாக நகரும் சத்தம் கேட்டது.

ஊர் ஊராக மேடையேறிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவள் நான். படைப்புச் சுதந்திரம் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன், திறந்த முடிவு என்று இன்னொன்று. இரண்டும் அந்த அறைக்குள் வர மறுத்தன.

"உங்கம்மா சொன்னதுதான் நிஜம். அப்பா ரெண்டாம் நாளே கிடைச்சுட்டார். எங்கிட்டயும் அதத்தான் சொன்னாங்க. தெரிஞ்சேதான் நான் அப்படிப் போட்டேன்."

"ஏன்?"

"அப்படிப் போட்டா படம் நல்லா இருக்கும்னு."

"நல்லா இருந்துச்சா?"

"பதினோரு ஊர்ல நல்லா இருந்துச்சு."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கணக்கில் தப்பு எங்கே என்று தேடுகிற மாணவியைப் போலத்தான் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"தீவாளிச் சட்டை. ஊதா." அக்கா யோசிக்கவே இல்லை. "மேப்பட்டன் மட்டும் வெள்ள. அது ஒன் கவுனு பட்டன். அவருது அந்துபோச்சுன்னு ஒன்னோடத வெட்டி வச்சுத் தச்சேன். நீ அழுத. அத வச்சுத்தான் அவரக் கண்டுபிடிச்சேன். மூஞ்சிய வச்சு இல்ல."

ரஞ்சனி எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "உள்ள வாங்க. இட்லி ஆறிப்போச்சு, சுட வச்சுத் தரேன்" என்று பரமசிவம் அண்ணனிடம் சொன்னாள். அவர் உடனே எழவில்லை. செருப்பைக் கழற்ற அவருக்கு நேரம் பிடித்தது.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா என் லேப்டாப் பையைக் காட்டினார். "அத மாத்த முடியுமா?"

முடியும் என்றேன்.

"அப்ப நான் சொல்றத எழுதுங்க. தமிழ்லயும் போடுங்க. எனக்கு அதுதான் படிக்க வரும்."

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'தவமணியின் கணவர் சந்திரன் இரண்டாம் நாள் கிடைத்தார்.' ரஞ்சனி தோளுக்குப் பின்னால் நின்று, "சந்திரன் இல்ல, சந்திரசேகரன். அம்மா மட்டுந்தான் சந்திரன்னு கூப்பிடும்" என்றாள். திருத்தினேன். 'ரப்பர் தோட்டத்து மேட்டில் தவமணியும் இன்னும் நான்கு பேரும் அவரைப் புதைத்தார்கள். ஊதாச் சட்டை போட்டிருந்தார்.'

அந்த 'வருவார்' என்ற வசனத்தையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது எதுக்கு?" என்றார் அக்கா. "அது நெசந்தானே. அவரு வந்தாருல்ல."

கீழே பஜாரில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை ஒன்றில் புதிய டிவிடி போட்டோம். கடைக்காரர் உறையில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டு, மாப்பிள்ளை பெயரையும் கேட்டார்.

நிறைவு நாளில் கூட்டம் இன்னும் அதிகம். முதல் தடவை பார்த்தவர்கள் பார்க்காதவர்களைக் கூட்டிவந்திருந்தார்கள். 'வருவாரு' வருவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பரமசிவம் அண்ணன் இந்த முறையும் எழுந்து கும்பிட்டார். திரை கருப்பானது. தமிழில் மூன்று வரி, கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி. சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. அந்த அமைதியில் தவமணி அக்கா எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது.

"தவ... மணியின்... கணவர்... சந்திர... சேகரன்... இரண்..."

எழுத்து மறைந்துவிட்டது. நான்கு விநாடிதான் வைத்திருந்தேன். அதுதான் வழக்கம்.

"ஏய், நிப்பாட்டுங்க! படிச்சு முடிக்கல!" என்றார் அக்கா.

புரொஜெக்டர் இயக்கியவர் வங்காளி. விஜி அக்கா எழுந்து நின்று இந்தியில் அவரிடம் கத்தினார். படம் பின்னால் ஓடியது, ஜன்னலில் நின்ற அக்கா ஒருமுறை பின்பக்கமாக நடந்து போய் வந்தார், மறுபடியும் கருப்பு, மறுபடியும் எழுத்து. நிறுத்தினார்கள். அரங்கம் முழுக்கக் காத்திருந்தது. குழந்தைகள்கூடப் பேசவில்லை. ரஞ்சனி அம்மாவுக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்து, 'ஊதாச் சட்டை'யில் ஒருமுறை நின்று, கடைசி வார்த்தை வரை படித்தார்.

"ம். இப்பப் போடுங்க" என்றார்.

ஊருக்கு வந்ததும் அதே வேகத்தில் நானே வாய்விட்டுப் படித்து நேரம் பார்த்தேன். இருபத்தாறு விநாடி. இப்போது படத்தின் கடைசியில் மூன்று வரி இருபத்தாறு விநாடி அசையாமல் நிற்கிறது. பதின்மூன்றாவது விழாவின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து கடிதம் வந்திருந்தது: கடைசியில் படம் உறைந்து நிற்கிறது, கோப்பில் பழுதா, திருத்தி அனுப்ப முடியுமா?

பழுதில்லை, ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் எழுதினேன்.